கண்ணை மூடச் சொன்னார்கள்

தண்டவாளம் நேராக வந்து அவர் நெற்றிக்குள் நுழைகிறது, தூரத்தில் ஒன்றாய்ச் சேர்ந்திருந்த இரண்டு கம்பிகளும் கிட்டே வர வரப் பிரிந்து வெயிலில் வெள்ளையாய்க் கண்ணைக் குத்துகின்றன, மந்திரத்தை நீங்க சொல்ல வேணாம், அது தானா ஓடட்டும், நீங்க சும்மா கேளுங்க என்று பயிற்சி கொடுக்க வந்த சம்யுக்தா மேடம் எங்கோ பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தணிகாசலம் கேட்கிறார், கேட்பது மந்திரம் அல்ல, ஹாரன், கைப்பிடியை அழுத்திய கை அப்படியே இருக்க நீளமாய், விடாமல் அலறும் ஹாரன், சட்டென்று கண்ணைத் திறந்துவிடுகிறார், எதிரே ஜோலார்பேட்டைக் கல்யாண மண்டபத்தின் மாடிச் சாப்பாட்டுக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினோரு பேர், எல்லோரும் கண்ணை மூடி, தூங்கும் குழந்தைகள் மாதிரி வாய் லேசாகத் திறந்து, போன முகூர்த்தத்தின் சாம்பார் வாசனை இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது, சார், கண்ண மூடிக்கங்க என்றாள் அந்தப் பெண், தாழ்ந்த குரலில், மூன்றாம் முறையாக.

முப்பத்தொரு வருஷம் கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது, எக்ஸ்பிரஸ் வண்டியின் டிரைவர் கண்ணை மூடினால் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆயிரத்து ஐந்நூறு பேர் கதி என்ன, தூரத்துச் சிக்னல் கண்ணில் பட்டதும் டிஸ்டன்ட் பச்சை என்று அவர் சொல்ல வேண்டும், டிஸ்டன்ட் பச்சை என்று பக்கத்து இருக்கையில் அசிஸ்டென்ட் இன்னாசிமுத்து திருப்பிச் சொல்ல வேண்டும், ஸ்டேஷனுக்குள் நுழையும் சிக்னலுக்கு ஹோம் பச்சை, ஹோம் பச்சை, ஒரு நாளைக்கு முந்நூறு தரம், அதுதான் அவருக்குத் தெரிந்த ஜபம், வேறு சாமி கும்பிடுவதுகூடக் கிடையாது, ஓய்வு பெற்று ஒன்றரை வருஷமாகியும் ரத்தக்கொதிப்பு இறங்காமல், மாத்திரையை இரண்டாக்கி மூன்றாக்கியும் பயனில்லாமல், டாக்டர்தான் சொன்னார், ஏதாவது தியானம் கத்துக்கங்க, மண்டபத்துல ஒரு மேடம் வந்து சொல்லிக் குடுக்கறாங்க, மனைவி பூங்கோதை அன்று மாலையே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள், முதல் வகுப்புக்குக் காணிக்கையாய்ப் பூவும் இரண்டு வாழைப்பழமும் வைத்து அனுப்பினாள், அவர் காதருகே குனிந்து சம்யுக்தா மேடம் ஒரு சொல்லைச் சொன்னாள், இரண்டே எழுத்து, அர்த்தம் கேட்காதீங்க சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க, காலைல இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம், வேற எண்ணம் வந்தா சண்டை போடாதீங்க, வந்துச்சா, சரி, விடுங்க.

விடுங்க என்று அவள் சொன்னபோது தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

ஏனென்றால் அவருக்குள் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது, அதுவும் இரண்டே எழுத்து, ஒன்பது வருஷமாய் யாரும் காதில் ஓதாமலே ஓடிக்கொண்டிருந்தது, விடு, விடு, விடு, மொரப்பூருக்கு முன்னால் வரும் அந்த வளைவில் திரும்பியதும் மத்தியான வெயிலில் பாதையின் நடுவே ஒருவன், சைக்கிள் கேரியரில் ஆள் உயரத்துக்கு வாழையிலைக் கட்டு, கேட் இல்லாத இடத்தில் குறுக்கே தள்ளிக்கொண்டு போனவன், பாரம் சாய்ந்து பெடல் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது, பின்னால் இழுக்கிறான், முன்னால் தள்ளுகிறான், தணிகாசலம் எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டாயிற்று, ஹாரன் அலறுகிறது, பதினாறு விநாடி, பிறகு எத்தனையோ தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார், பதினாறேதான், இருபத்துநாலு பெட்டி நினைத்த இடத்தில் நிற்காது, டேய் விடுடா, சைக்கிள விடுடா, விட்டுட்டு ஓடுடா என்று கண்ணாடிக்கு உள்ளே இருந்து அவர் கத்துகிறார், அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்துகிறார், அவன் ஒரு கையைக்கூட எடுக்கவில்லை, தலையை நிமிர்த்தி நேராக அவரைப் பார்த்தான், கோபமாக இல்லை, பயமாகவும் இல்லை, கொஞ்சம் இருங்க சார், இதோ எடுத்துடறேன் என்பது போல.

வண்டி தாண்டிப் போய் நின்றது, இன்னாசிமுத்து இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பாட்டில் தண்ணீரில் கை கழுவினான், அவன் எதையும் தொட்டிருக்க மாட்டான், இருந்தாலும் கழுவினான், போலாம் சார் என்றான், போனார்கள், அடுத்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள், விடாமல் ஹாரன் அடித்தும் ஆள் கடைசி வரை விலகவில்லை, இப்படிக்கு தணிகாசலம், கீழே சாட்சியாக இன்னாசிமுத்து, எல்லோரும் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள், உம்மேல தப்பில்ல தணிகா, நீ இன்னா பண்ணுவ, மூன்று நாள் ஓய்வு கொடுத்தார்கள், நாலாம் நாள் அதே வளைவு, அதே வெயில், திரும்பியதும் யாரும் இல்லை, யாரும் இல்லாத அந்த இடம்தான் அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவரைப் பார்த்தது.

வீட்டில் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து முயன்றார், காலை ஆறரைக்கு, முதுகை நிமிர்த்தி, பூங்கோதை மிக்ஸியைக்கூடப் போடாமல் சமையலறையில் சத்தமில்லாமல் நடமாடினாள், மந்திரத்தைச் சொல்லுவார், நாலு தரம், ஐந்து தரம், அது தேய்ந்து தேய்ந்து விடு ஆகிவிடும், இமைக்குள் வளைவு திரும்பும், எழுந்துகொள்ளவும் முடியாது, எழுந்தால் அவள் முகம் வாடும், என்னங்க, இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்குதே, மறுபடி உட்காருவார், எஞ்சின் அறையில்கூட ஒரு கதவு இருந்தது, இமைக்குள் அதுவும் இல்லை, எட்டாம் நாள் வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் அவரைத் தனியாக நிறுத்தி, சார், உங்களுக்கு மந்திரம் வரலியா, இல்ல கண்ண மூடறதுதான் கஷ்டமா இருக்குதா என்று கேட்டாள், அவர் செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டார், சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டாள், எழுதிக் கொடுத்த காகிதத்தில் இல்லாத ஒன்று இருந்தது, பூங்கோதைக்கும் தெரியாத ஒன்று, பதினாறு விநாடியில் கடைசி இரண்டோ மூன்றோ அவர் கண்ணை மூடிக்கொண்டார், முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு தரம், ஹாரனிலிருந்து கையும் வந்துவிட்டது, முகத்தைப் பொத்திக்கொள்ள, கடைசி வரை என்று எழுதினாரே, கடைசியில் அவர் அங்கே இல்லை, அந்த மூன்று விநாடியில் அவன் சைக்கிளை விட்டானா, ஓட ஒரு எட்டு வைத்தானா, ஹாரன் நின்றதும் வண்டியும் நின்றுவிட்டது என்று நினைத்தானா.

அன்றே மத்தியானம் இன்னாசிமுத்துவுக்குப் போன் செய்தார், இப்போது அவனும் டிரைவராகி வண்டி ஓட்டுகிறான், ஈரோட்டில் டிரைவர்கள் தங்கும் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், சார், நல்லா கீறீங்களா, அக்கா நல்லா கீறாங்களா என்றான், நல்லாத்தான் கீறேன் என்று சொல்லிவிட்டு, முன்னுரை ஏதும் வைக்கத் தெரியாமல் நேராகக் கேட்டார், இன்னாசி, அந்த இலைக்காரன் கடைசில சைக்கிள உட்டுட்டானா, தட்டு வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு கதவு சாத்தும் சத்தம், தெரியாது சார், சைக்கிள் அப்பால தள்ளிக் கெடந்துச்சி, அதுல ஒண்ணும் தெரியல, நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த என்றார், பாக்கல, நான் கண்ண மூடிக்கினேன் சார், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒம்பது வருசமா, நீங்கதான் முழுசாப் பாத்துட்டீங்களே, பாவம்னு நெனச்சிக்கினு இருந்தேன், நானும் மூடிக்கினேன்டா, ஹாரனையும் உட்டுட்டேன் என்றார், ஹாரன் நின்னது தெரியும் சார், எனக்குக் கேட்டுச்சி, அப்போ அவன யாருமே பாக்கலியா என்று தணிகாசலம் கேட்டார், இல்ல சார் என்றான் இன்னாசிமுத்து, அவர்தான் நம்மளப் பாத்துக்கினு இருந்தாரு.

மாலை நாற்காலியில் உட்கார்ந்தபோது பூங்கோதை வழக்கம்போல டிவியை அணைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள், அவர் முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, கண்ணை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார், மந்திரமும் வரவில்லை, இன்னாங்க, ஆரம்பிக்கலியா என்றாள், இங்க வந்து எதுக்க உக்காரு என்றார், அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள், அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றில் அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது, உனக்கு ஒண்ணு சொல்லணும், மொரப்பூர் வளைவுல நடந்தது, அதத்தான் அப்பவே சொன்னீங்களே என்றாள், முழுசா சொல்லல என்றார், கண்ணில் நீர் கோத்து அவள் உருவம் கலங்கியது, இமை தானாக இறங்கப் பார்த்தது, இறங்க விடாமல் அவளையே பார்த்துக்கொண்டு, வாழையிலைக் கட்டிலிருந்து தொடங்கினார்.