வைக்கோல் விரித்த தெரு

மருத்துவச்சி முத்துமாரியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "பிள்ளை குறுக்க கெடக்கு பெத்தணா. என்னால ஆகாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு. ஆனா குலுங்கப்படாது."

பெத்தணன் முதலில் பார்த்தது தெருவைத்தான்.

அது கல் பாவிய தெரு. எந்தக் காலத்தில் யார் பாவினார்களோ, விருதுநகர் பஜாருக்குப் போகிற வண்டிகளெல்லாம் அதில்தான் உருண்டன. கற்கள் தேய்ந்து மேடும் பள்ளமுமாகக் கிடந்தன. இடுக்கில் சக்கரம் விழுந்து எழும்போது வண்டியில் இருப்பவனுக்குப் பல் கிட்டிக்கும். பெத்தணனுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். விடியுமுன்னே தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு மாட்டை விரட்டுவான். எதிர்வீட்டு சொர்ணலட்சுமி தவறாமல் கதவைத் திறந்து, "ஏலே, தெருவுல மனுசர் உறங்க வேண்டாமா?" என்று ஏசுவாள். சிரித்துக்கொண்டே போய்விடுவான். இன்றைக்கு அந்தத் தெருவின் ஒவ்வொரு கல்லும் அவன் அடிவயிற்றில் இடித்தது. போன வருசம் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது.

"கட்டில்ல வச்சு நாலு பேரு தூக்கிருவோம்" என்றான் பக்கத்து வீட்டுச் சோணைமுத்து.

உள்ளேயிருந்து அவன் மனைவி வெள்ளைத்தாயின் குரல் வந்தது. வலியில் நைந்திருந்தாலும் உறுதியான குரல். "தோள்ல தூக்காதீக. அப்படித் தூக்கிட்டுப் போனவுகள யாரும் திருப்பிக் கொண்டாந்ததில்ல. நான் வண்டியிலயே வாரேன்."

பெத்தணன் வண்டிக்குள் மெத்தையை விரித்தான். மாட்டைப் பூட்டி நிமிர்ந்தால், சொர்ணலட்சுமி தலையில் ஒரு கட்டு வைக்கோலோடு நடுத்தெருவில் நிற்கிறாள். தன் பசுவுக்கு வாங்கி வைத்திருந்தது. கட்டைப் பிரித்துக் கற்களின்மேல் உதறினாள்.

"மதினி, என்ன செய்றீக?"

"கண்ணு தெரியலையா? சக்கரத் தடத்துல விரிக்கேன். மெல்ல வா. இன்னைக்கு உன் வண்டிச் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது."

மாடு வைத்திருந்தவர்கள் வைக்கோல் கொண்டுவந்தார்கள். இல்லாதவர்கள் சாக்கும் கோரைப்பாயும் போட்டார்கள். "வத்தல் சாக்கு வேண்டாம்லே, தும்மிருவா!" என்று யாரோ கத்தினார்கள். தெரு முழுக்கப் போதாது என்று தெரிந்ததும், வண்டி கடந்த இடத்திலிருந்து வாரிக்கொண்டு முன்னால் ஓடினார்கள்.

பெத்தணன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டுக்கு முன்னால் நடந்தான். சத்தமே போடாத சக்கரங்களுக்கு மேலாக உள்ளே படுத்திருந்த வெள்ளைத்தாயின் மூச்சு மட்டும் கேட்டது. அது நின்றுபோன மாதிரி இருந்த ஒரு கணத்தில் அவன் திரும்பிப் பார்த்தான்.

"இருக்கியா?"

"இருக்கேன். முன்னால பாத்து நடங்க."

வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. வெள்ளைத்தாய்க்குக் காய்ச்சல் விடுகிறவரை அவன் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை.

வீடு திரும்பிய அன்று, தெருமுனையிலேயே சொர்ணலட்சுமி வண்டியை மறித்துவிட்டாள். "பிள்ளைய இங்கன குடு. இந்தக் கல்லுல குலுக்கிக்கிட்டா கொண்டு போவ?" மஞ்சள் துணியில் சுற்றியிருந்த பிள்ளையை வாங்கி ஒரு முத்தம் கொடுத்து அடுத்த வாசலில் நின்றவளிடம் நீட்டினாள். அவள் அதற்கடுத்த வாசலுக்கு.

வண்டி ஊர்ந்தது. வெள்ளைத்தாய் தையலைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இப்ப யாரு கையில இருக்கா?"

பெத்தணன் வண்டியின் ஏர்க்காலில் ஏறி நின்று கண்ணை இடுக்கினான். தெரியவில்லை. தூரத்தில், வெயிலில் மின்னுகிற கற்களுக்கு மேலே, ஒரு மஞ்சள் துணி வாசலுக்கு வாசல் போய்க்கொண்டிருந்தது.