தேய்ந்த முத்திரைக் கிண்ணம்

போல்ஸ்வர்ட் தேவாலயக் கூடத்தில் பழைய வெள்ளிக்கு மதிப்புச் சொல்லும் நாளன்று டௌட்சன் வாயைத் திறந்தால் அதோடு முடிந்தது, அதற்குமேல் அப்பீல் கிடையாது. ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகளே அவளிடம் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அந்தத் திமிர் அவளுக்கு உண்டுதான். வேலை தெரிந்தவளுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே.

அன்று காலை காபி ஆறுவதற்குள் மாட்டு வியாபாரி கோசேயும் அவன் தங்கை ஹின்கேயும் வந்து, ஆளுக்கொரு பிராந்திக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார்கள். இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன.

"அம்மா போன மாசம் போயிட்டாங்க," என்றான் கோசே. "இதுல ஒண்ணு வெள்ளிக் கொல்லர் சங்கம் இருந்த காலத்துப் பழசு. இன்னொண்ணு, கொள்ளுத்தாத்தா தன் ரெண்டு பொண்ணுங்களும் அடிச்சுக்கக் கூடாதுன்னு செய்யச் சொன்ன நகல். கடைசியில ரெண்டும் எங்கம்மாகிட்டயே வந்து சேர்ந்துச்சு. மூத்தவன்னு நான் முதல்ல எடுத்துக்கிட்டேன். அடுத்த வாரம் ஆம்ஸ்டர்டாம்ல விக்கப்போறேன்."

"என் பொண்ணுக்கு இதுதான் மாசம்," என்றாள் ஹின்கே. "எங்க வீட்டுல பிள்ளை பொறந்தா, பார்க்க வர்றவங்களுக்குப் பழைய கிண்ணத்துலதான் பிராந்தியில ஊறின திராட்சை சுத்தி வரும். அது வித்துப்போச்சுன்னா அந்த வழக்கம் இந்தக் குழந்தையோட நின்னுபோச்சு."

கோசே தன் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினான். "நாலு முத்திரையும் பளிச்சுனு இருக்கு பாருங்க. ஊர் முத்திரையில இருக்கற கழுகோட ரெண்டு தலையையும் தனித்தனியா பார்க்கலாம். இவளோடது மொழுக்குனு இருக்கு."

"எல்லாம் உனக்கே தெரியுதுல்ல, அப்புறம் என்னை ஏண்ணே இழுத்துட்டு வந்தே?"

"நாளைக்கு அண்ணன் ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் ஒப்பாரி வைப்பேல்ல, அதுக்குத்தான்."

"வைக்கத்தான் வைப்பேன். பழசு உன்கிட்ட இருக்குன்னு இவங்க சொன்னா, பாதியைக் கேட்டு உன் வாசல்ல வந்து நிப்பேன்."

கோசேக்குச் சுருக்கென்றது. மாட்டுச் சந்தையில் நீட்டுவதுபோல் உள்ளங்கையை நீட்டினான். "கையடி. இவங்க என்ன சொன்னாலும் அவங்கவங்க கையில இருக்கறது அவங்கவங்களுக்கு. அப்புறம் பேச்சு மூச்சு இருக்கக்கூடாது."

ஹின்கே ரொம்பத் தயங்கிவிட்டுத்தான் அடித்தாள். சத்தம் கூடமெங்கும் கேட்டது. அந்தச் சீமையில் கையடித்த பேச்சை மாற்றியவன் மறுபடி சந்தைக்குள் தலைகாட்ட முடியாது.

டௌட்சன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கோசேயின் கிண்ணத்தை எடுத்தாள். முத்திரைகள் நான்கும் ஒரே ஆழத்தில், இறைவணக்கத்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கோசே, அந்தக் காலத்துல செஞ்சவர் தன் முத்திரையைப் பட்டறையில அடிப்பார். ஊர் முத்திரை, தர முத்திரை, வருஷ எழுத்து மூணையும் வெள்ளி சுத்தமான்னு மாற்றுப் பார்க்கறவர் சங்கத்துல அடிப்பார். வேற கை, வேற சுத்தியல். ஒண்ணு சாயும், ஒண்ணு ஆழமா இறங்கும். உங்களோடது நாலும் ஒரே ஆள் உக்காந்து நிதானமா அடிச்சது." கிண்ணத்தைத் திருப்பிக் கைப்பிடியின் அடியைக் காட்டினாள். "இங்க குட்டியா ஒரு சிங்கம் தெரியுதா? அரசாங்க முத்திரை. சங்கத்தையெல்லாம் கலைச்ச பிறகு வந்தது. சட்டத்துக்குப் பயந்து அடிச்சுட்டு, கண்ணுல படாம ஒளிச்சிருக்கான். நல்ல வேலைதான். ஆனா நகல்."

ஹின்கேயின் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கழுகின் ஒரு சிறகு மட்டும் நிழலாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு நெளிகோடு இருந்தது. மாற்றுப் பார்க்க அந்தக் காலத்தில் உளியால் சுரண்டியெடுத்த தடம் அது. "இதுதான் பழசு," என்றாள்.

"விளையாடறீங்களா?"

"வெள்ளியில நான் விளையாடறதில்ல."

கோசேயின் முகம் செத்துப்போயிற்று. "ஹின்கே, மூத்தவனுக்குத்தானே..." என்று ஆரம்பித்தவன் தன் உள்ளங்கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நகலைத் துண்டில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

ஹின்கேயின் முகத்தில் ஆச்சரியமே இல்லாததை டௌட்சன் அப்போதுதான் கவனித்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"சனிக்கிழமை ஆனா அம்மாவும் நானும் இதைத் தேய்ப்போம். அந்தக் கழுகை அழிச்சதே நாங்கதான். நகலைச் சும்மா தூசி தட்டி வெச்சுடுவோம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இதைத்தான் எடுத்து வித்திருப்பான். சொல்லாமலே விட்டிருந்தா, ஆம்ஸ்டர்டாம்ல உண்மை தெரிஞ்சதும் சண்டைக்கு வந்திருப்பான். இப்ப வரமாட்டான். கையடிச்சுட்டான்."

அடி கெட்டிக்காரி என்று டௌட்சன் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். ஆனால் ஹின்கேயின் கண் கலங்கியிருந்தது.

"அவனும் அந்த வீட்டுல பொறந்து வளர்ந்தவன்தான். என்னிக்காவது ஒரு நாள் அந்தத் தேய்க்கிற துணியைக் கையில எடுத்திருந்தா, அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்."