சிரிக்க வைக்கப்பட்ட தவசி

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவிக் கிடக்கும் திருவரங்கத் தீவின் கோபுரங்கள் மேலை வெயிலில் பொன்பூசி நிற்க, தென்கரையில் மலைக்கோட்டையின் நிழல் கடைத்தெருக்களின்மேல் மெல்லப் படர, ஆற்றுப்பாலத்தில் வண்டிகள் முட்டி மோதிக்கொண்டு வீடு திரும்பும் மாலைப்பொழுது அது. புத்தூருக்கு அப்பால் சிறு தேவாலயமொன்றில் மறுநாட் கொடியேற்றத்திற்காகத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கடந்து உள்ளே இடப்புறச் சுவரண்டை சென்ற பள்ளி ஆசிரியை இருதயமேரி அப்படியே நின்றுவிட்டாள்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த குருவொருவர் துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய ஓவியம் அச்சுவரில் தொங்கியது. குகையிருளில் தன்னந்தனியே மண்டியிட்டு, செய்த பிழைக்கு நொந்து, தாடி நனைய அழுதுகொண்டிருக்கும் முதிய தவசி ஒருவரின் படம் அது. கொள்ளிடத்தில் குளிக்கச் சென்ற மகன் பிணமாய்த் திரும்பிய நாள்முதல் இருதயமேரிக்குத் துணை அத்தவசி ஒருவரே. ஆலயத்துப் புனிதர் சிலைகளான சுரூபங்களெல்லாம் புன்னகைத்து ஆறுதல் சொல்ல, இவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் உடன் அழுதார். படிப்போரே, ஆறுதல் கேட்டுக் கேட்டுச் சலித்த நெஞ்சுக்கு அது எத்துணைப் பெரிய கொடை என்பதை இழந்தவர் அறிவர்.

இன்றோ அந்த முகம், சிவந்த கன்னத்தோடு அவளைப் பார்த்துச் சிரித்தது.

திருவிழாக் குழுத் தலைவர் ரெஜிஸ் பெருமையோடு அருகே வந்தார். "எப்படி இருக்கு டீச்சர்? எல்லாச் சுரூபத்துக்கும் வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறோம், இவரை மட்டும் விட்டுட்டோமேன்னு இருந்துச்சு. திருவிழாவுக்கு வர்றவங்க அழுத முகத்தைப் பார்த்துட்டா போகணும்?"

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்று சினந்தாள் அவள்.

"நல்லதுக்குத்தானே டீச்சர் செஞ்சோம்."

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம்மவர் இழைக்கும் கொடுமைக்கு அளவில்லை. பளபளப்பே வழிபாடு என்று நம்பி, பிறர் துயரத்தைக் கண்ணாற் காணவும் பொறாமல் அதன்மேல் வண்ணம் பூசிவிட்டு, பாராட்டுக்கு வேறு காத்து நிற்பார்கள்.

வண்ணம் இன்னும் காயவில்லை என்பதை அவள் கண்டாள். கீழே குவளையில் இருந்த, வண்ணம் கரைக்கும் எண்ணெயில் முந்தானையை நனைத்து, ரெஜிஸ் தடுக்குமுன் எட்டி அந்தச் சிரிப்பைத் துடைத்தாள். கன்னம் கரைந்தது, உதடு கரைந்தது. அடியில் தவசி இல்லை. வெறுந்துணியே வெளுத்துக் கிடந்தது.

"உப்புத்தாள் போட்டுப் பழசைத் தேய்ச்சு எடுத்தாத்தானே டீச்சர் புதுசு பிடிக்கும்," என்றார் ரெஜிஸ், தாழ்ந்த குரலில். "சுரூபத்துக்கெல்லாம் அப்படித்தான் செய்வோம்."

பிறகு அவரே, "ஆளை வரச் சொல்லி மறுபடி எழுத வச்சிடறேன். கண்ணீரோடயே எழுதச் சொல்றேன்," என்றார்.

"வேணாங்க, இப்படியே இருக்கட்டும். என் பிள்ளை செத்தப்பவும் நீங்க எல்லாரும் வந்து, அழாதீங்க அழாதீங்கன்னுதான் சொன்னீங்க."

மறுநாள் கொடியேறியது, வேட்டு முழங்கியது, முகமற்ற தவசியைக் கடந்து ஊரே உள்ளே சென்றது. பிறர் கண்ணீரைத் துடைக்க நீளும் கை, யாருக்காகத் துடைக்கிறோம் என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ளுதல் நன்று. சிலருடைய கண்ணீரைத் துடைத்தால் முகமே போய்விடும்.