ஐந்து மணிவரை டோகோ

செவ்வாய்க்கிழமை காலை வேலை ஏஜென்சி யூஜினி அழைத்தபோது நீக்கிலாஸ் பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருந்தார். வழக்கமாக அவள் இரண்டு விஷயம்தான் சொல்வாள்: எந்தத் தொழிற்சாலை, டோர்செட் பார்க்கில் அவர் இருக்கும் கட்டடத்தடிக்கு ஆட்களை ஏற்றும் வான் எத்தனை மணிக்கு வரும். அன்றைக்குக் கொஞ்சம் இழுத்தாள்.

"அங்கிள், நாளைக்கு ஒரு வேலை கிடக்கு. சேஃப்டி சப்பாத்து தேவையில்லை. கோட் சூட் இருக்கோ?"

"மகளின்ர கலியாணத்துக்குத் தைச்சது இருக்கு. என்ன வேலை?"

"நாடு."

"என்ன நாடு?"

"நாடாய் இருக்கிற வேலை. மார்க்கம் நகரத்தில ஒரு ஹோட்டல்ல மாநாடு. இருந்து, கையை உயர்த்தி, சாப்பிட்டிட்டு வாறது. பாரம் தூக்கிறதில்லை. நீங்கள் முந்தி ஆபிரிக்காவில நிண்டனீங்கள்தானே, அதுதான் முதல் உங்களுக்கு எடுத்தனான்."

நின்றவர்தான். கனடா வரும் வழியில், களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்டுக்காரன் அவரையும் இன்னும் பலரையும் டோகோ நாட்டின் லோமே நகரத்தில் ஒரு மாடியறைக்குள் எட்டு மாதம் வைத்திருந்தான். எல்லாருடைய பாஸ்போட்டும் ஒரு பிஸ்கற் பேணிக்குள் அவனுடைய கட்டிலுக்கடியில் கிடந்தன. அந்த எட்டு மாதத்தில் நீக்கிலாஸ் கண்ட ஆபிரிக்கா, எதிர்வீட்டுத் தகரக் கூரையும் அதில் காய்ந்த உடுப்புகளும். இதையெல்லாம் விளக்கப்போனால் வேலை வேறு யாருக்காவது போய்விடும் என்பதால், "ஓம், வாறன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வானில் ஏறியவர்களைப் பார்த்தால் கலியாண வீட்டுக்குப் போகிற கூட்டம்போலத்தான் இருந்தது. ஹோட்டல் வாசலில் நிலக்சி காத்திருந்தாள். மாநாட்டை ஒழுங்குசெய்த நிறுவனத்தின் இணைப்பாளர். ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை. ஒவ்வொருவருடைய கழுத்திலும் ஒரு நாட்டை மாட்டிவிட்டபடியே விஷயத்தைச் சொன்னாள்.

ஆபிரிக்காவில் புலம்பெயர் தொழிலாளரைப் பாதுகாப்பதற்கான பிராந்தியக் கொள்கைச் சட்டகம் ஒன்று மூன்று வருடமாகத் தயாராகி வந்தது. அதை இறுதியாக ஏற்றுக்கொள்ளும் கூட்டம் இது. வரவேண்டிய பிரதிநிதிகளுக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. அவர்கள் திரும்பித் தங்கள் நாட்டுக்குப் போவார்கள் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம். காசு தருகிறவர்களோ, எல்லாக் கதிரையிலும் ஆள் இருந்து, ஒருவரும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டால்தான் சட்டகம் செல்லும் என்றுவிட்டார்கள். ஆகவே வரமுடியாத நாடுகள், 'எங்கள் கதிரையில் இருப்பவர் எங்களுக்காகக் கை உயர்த்தலாம்' என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தன.

"உந்தக் கூட்டத்தை ஸூமில செய்திருக்கலாமே, பிள்ளை?" என்றார் நீக்கிலாஸ்.

"பட்ஜெட் இன்-பேர்சனுக்குத்தான் வந்தது, அங்கிள். நீங்க ஜஸ்ற் எக்ரீ பண்ணினால் காணும். ப்ளீஸ், ஒருத்தரும் ஐடியா சொல்லாதேங்கோ."

அதைச் சொல்லும்போது அவளுக்குப் பக்கத்தில் கென்யாவாக நின்றவர் சச்சிதானந்தன். முப்பது வருடமாக ஏதாவதொரு பழைய மாணவர் சங்கத்தின் தலைவராகவோ, அதிலிருந்து பிரிந்துபோன சங்கத்தின் தலைவராகவோ இருந்து வருகிறவர். அவர் கழுத்து அட்டையை நிமிர்த்திவிட்ட விதத்தைக் கண்டதும் நீக்கிலாஸ் இரண்டடி தள்ளி நின்றார்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய கனேடியப் பெண்மணி வரவேற்றுப் பேசி முடிக்கவில்லை, கென்யா எழும்பியது.

"ஒழுங்குப் பிரச்சினை. போன கூட்டத்தின் கூட்டறிக்கை வாசிக்கப்படவில்லை."

தலைவி ஒரு கணம் திகைத்தாலும், பிறகு அவருடைய முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் எந்த உறுப்பு நாடும் போன கூட்டத்தைப் பற்றிக் கேட்டதில்லை. கூட்டறிக்கை வாசிக்கப்பட்டது. அதில் இரண்டு திருத்தம் சொன்ன சச்சிதானந்தன், முகவுரையில் எந்தப் பிராந்தியத்தின் பெயர் முதலில் வரவேண்டும் என்ற கேள்வியையும் கிளப்பிவிட்டார். நைஜீரியாவாக இருந்த மங்கையற்கரசி அன்ரி அதை விடவில்லை.

"கென்யா சொல்லுறதுக்கெல்லாம் தலையாட்ட நாங்கள் வரேல்லை."

கோப்பி இடைவேளையில் ஆபிரிக்கா இரண்டாக உடைந்தது. கிழக்குக்குச் சச்சிதானந்தன் தலைவர். மேற்குக்கு மங்கையற்கரசி. தெற்கு நாடுகள் எந்தப் பக்கம் என்பது மஃபின் மேசையடியில் வைத்து முடிவானது. இரண்டு பக்கத்துக்கும் செயலாளர் தெரிவானார்கள். போஷகர் யார் என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. நீக்கிலாஸை ஒருவரும் கேளாமலே மேற்கின் பொருளாளர் ஆக்கினார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு பிரிவும் ஒரே மாதிரித்தான் போனது. மேற்கு 'மற்றும்' என்றால் கிழக்கு 'அல்லது' என்றது. மேற்கு ஒரு சொல்லைப் புகழ்ந்தால் கிழக்கு அதை நீக்கக் கோரியது. கடைசி நேரத்தில் இரண்டு பக்கமும் 'ஒற்றுமையை முன்னிட்டு' விட்டுக்கொடுத்துக் கைதட்டின. நிலக்சி சுவரோடு சாய்ந்து நின்று நகத்தைக் கடித்தாள். தலைவி மட்டும், இவ்வளவு உயிர்ப்பான கலந்துரையாடலைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று மைக்கில் சொன்னார்.

நீக்கிலாஸ் அந்த நேரத்தில் மேசையிலிருந்த தடித்த கோப்பை வாசித்தார். புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்ற நாடுகளின் பெயர்கள் அதில் இருந்தன. டோகோ இருந்தது. கனடாவைத் தேடினார். பின்பக்கத்தையும் பார்த்தார். நிலக்சி அருகால் போனபோது மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, இதில எங்கட நாடு இல்லையே?"

"டோகோ இருக்கு அங்கிள், பாருங்கோ."

"அதில்லை. வீட்ட போனால் இருக்கிற நாடு."

"அதை மைக்கில கேட்டிடாதேங்கோ" என்றுவிட்டு அவள் வேகமாக நடந்தாள்.

மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் மேசைக்கு வந்த நேரத்தில் ஒரு பெண் சூட்கேசை இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேரே வந்தவள் என்பது சூட்கேசில் தொங்கிய துண்டில் தெரிந்தது. நேரே நீக்கிலாஸின் மேசைக்கு வந்து, பெயர்ப்பலகையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். திரும்பவும் பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.

அவள் பெயர் அஃபி. லோமே நகரின் வீட்டுப் பணியாளர் சங்கத்திலிருந்து, டோகோவின் பிரதிநிதியாக வரவேண்டியிருந்தவள். ஒருவரும் எதிர்பாராமல் கடைசி நேரத்தில் அவளுக்கு விசா கிடைத்துவிட்டது. இது நிலக்சிக்குப் பெரிய தலையிடியாகப் போய்விட்டது. கதிரைகளின் பெயர்ப்பட்டியல் காலையே கையொப்பமாகிக் காசு தருகிறவர்களுக்குப் போய்விட்டதாம். ஐந்து மணிவரை டோகோ நீக்கிலாஸ்தான். அஃபி பின்வரிசையில் பார்வையாளராக இருக்கலாம். பார்வையாளர்கள் பேச முடியாது.

நீக்கிலாஸ் எழும்பித் தன் சாப்பாட்டுத் தட்டை அவளிடம் கொடுத்தார். வேறு எதைக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் லோமேயில் இருந்திருக்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில்.

"எந்தப் பக்கம்?"

"எதிரில் ஒரு தகரக் கூரை இருந்தது."

அஃபி சட்டகத்தின் பதினான்காம் பிரிவைத் திறந்து விரலால் காட்டினாள். 'தொழிலாளியின் கடவுச்சீட்டைத் தொழில் தருபவர் வைத்திருக்கக் கூடாது' என்று இருந்தது. அதன் கீழே, நிபுணர்கள் சிபாரிசு செய்த மாற்று வாசகம்: 'கடவுச்சீட்டைப் பத்திரமாகப் பேணும்படி தொழில் தருபவர்கள் ஊக்குவிக்கப்படுவர்.'

"எங்கள் சங்கத்துப் பெண்கள் மூன்று பேர் வேறு நாட்டு வீடுகளுக்குள் இருக்கிறார்கள். வெளியே வர முடியாது. கடவுச்சீட்டு முதலாளிகளின் அலுமாரியில் மிகப் பத்திரமாக இருக்கிறது. எங்களுக்கு மேலே இருக்கிற வரி வேண்டும். அதை எடுத்துக்கொண்டுபோய்த்தான் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். கீழே இருக்கிற வரியோடு போனால் என்னைச் சிரித்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் கை உயர்த்துவீர்களா?"

நீக்கிலாஸுக்கு அந்தப் பிஸ்கற் பேணியின் மூடியில் இருந்த படம்கூட ஞாபகம் வந்தது. ஓம் என்று தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் சிக்கல் விளங்கியது. அவர் மேற்கு. மேலே இருக்கிற வரிதான் வேண்டும் என்று அவர் வாய் திறந்தால், கீழே இருக்கிற வரிக்காகச் சச்சிதானந்தன் உயிரை விடுவார். சண்டை முற்றினால் தலைவி இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஏதோ ஒரு சவசவத்த வசனத்தை எழுதிவிடுவார். காலையிலிருந்து அப்படித்தான் நடந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு பதினான்காம் பிரிவு வந்தது. தலைவி இரண்டு வாசகத்தையும் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். பின்வரிசையிலிருந்து அஃபி முன்னுக்குச் சரிவது நீக்கிலாஸுக்கு முதுகில் தெரிந்தது.

டோகோ கையை உயர்த்தியது.

"இந்தப் பிரிவே தேவையில்லை" என்றார் நீக்கிலாஸ். "இரண்டு வாசகத்தையும் முழுதாக நீக்க வேண்டும் என்று டோகோ பிரேரிக்கிறது."

பின்னால் கதிரை ஒன்று கிரீச்சிட்டது.

"நைஜீரியா வழிமொழிகிறது" என்றார் மங்கையற்கரசி. எதை வழிமொழிகிறோம் என்று அவர் கோப்பைப் பார்க்கவே இல்லை.

சச்சிதானந்தன் எழும்பினார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார். அரங்கத்தை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். கடவுச்சீட்டு என்பது வெறும் புத்தகம் அல்ல என்றார். அதைப் பறித்தவன் மனிதனின் காலைப் பறித்தவன் என்றார். டோகோவுக்கு இதயம் இருக்கிறதா என்று கேட்டார். கிழக்கு ஆபிரிக்கா உள்ளவரை இந்தப் பிரிவில் ஒருவரும் கை வைக்க முடியாது என்றும், முதலாவது வாசகமேகூடப் போதாது, 'எக்காரணம் கொண்டும், ஒரு நாளேனும்' என்று சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். கிழக்கு மேசையைத் தட்டியது. தெற்கில் கொஞ்சப் பேரும் தட்டினார்கள். பேச்சு நன்றாக இருந்தது. நீக்கிலாஸுக்கே கண் கலங்கியது.

"டோகோவின் நிலைப்பாடு?" என்றார் தலைவி.

நீக்கிலாஸ் அவசரப்படவில்லை. தண்ணீர் குடித்தார். "கென்யாவின் திருத்தத்தை டோகோ கடுமையாக எதிர்க்கிறது" என்றார். கிழக்கு இன்னும் பலமாகத் தட்டியது. கொஞ்சம் பொறுத்து, பெருமூச்சுவிட்டு, "எனினும், ஒற்றுமையை முன்னிட்டு விட்டுக்கொடுக்கிறது" என்றார்.

எல்லாரும் கை உயர்த்தினார்கள். பதினான்காம் பிரிவு, எழுதியவர்களே எதிர்பார்க்காத பலத்தோடு நிறைவேறியது. மிச்சப் பிரிவுகளும் வழக்கமான சண்டையோடு நிறைவேறி, நாலரைக்கெல்லாம் சட்டகம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நிலக்சி கதிரையொன்றில் தொப்பென்று இருந்தாள்.

அஃபி நேரே போய்க் கென்யாவின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னாள். சச்சிதானந்தன் மெல்லத் தலை குனிந்தார்.

"நான் விட்டிருந்தால் உந்த டோகோக்காரர் பிரிவை முழுசாய்த் திண்டிருப்பார்" என்று பக்கத்திலிருந்த உகண்டாவுக்குத் தமிழில் சொன்னார்.

நீக்கிலாஸைக் கடந்து போனபோது அஃபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது பரவாயில்லை. ஆனால் ஐந்து மணியாகிறபோது திரையில் அன்றைய கூட்டறிக்கையைப் போட்டார்கள். 'கடவுச்சீட்டுப் பாதுகாப்பை முற்றாக நீக்கும்படி டோகோ பிரேரித்தது' என்று அதில் இருந்தது. நீக்கிலாஸ் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பவும் வாசித்தார். பிறகு நிலக்சியிடம் ஓடினார்.

"பிள்ளை, உந்த வரியை அழியுங்கோ. அந்த நாடு பாவம். அது ஒண்டும் செய்யேல்லை."

"கூட்டறிக்கையை மாத்தச் சொல்லி மெம்பர் ஸ்ரேற்தான் கேட்கலாம், அங்கிள்."

"நான் கேட்கிறன்."

நிலக்சி மணிக்கூட்டைப் பார்த்தாள். "சொறி அங்கிள். அஞ்சு தாண்டிட்டுது. இப்ப நீங்க டோகோ இல்லை."

"அப்ப அந்தப் பிள்ளை?"

"அவ பார்வையாளர்."

வானுக்கு வரும்படி வெளியே யாரோ கூப்பிட்டார்கள். நீக்கிலாஸ் போகவில்லை. சூட்கேசுக்குள் கோப்பைத் திணித்துக்கொண்டிருந்த அஃபியிடம் போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். பிஸ்கற் பேணி, தான் இருந்து பழகிய மாதா கோயில் பெருநாள் கமிட்டி, சச்சிதானந்தனின் சங்கங்கள், ஒரு ஆளை ஒன்றுக்குச் சம்மதிக்க வைப்பதென்றால் அதற்கு எதிரானதை அவருக்கு முன்னால் கேட்க வேண்டும் என்பது, கடைசியாகக் கூட்டறிக்கை.

அஃபி திரையைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கைலேஞ்சியை எடுத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாற்ற வேண்டாம்" என்றாள். "நாங்கள் இதில் வென்றோம் என்று எழுதினால் ஊரில் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். நாங்கள்தான் இதை எதிர்த்தோம் என்றால் நாளைக்கே வானொலியில் வரும். அது நாங்கள் இல்லை என்று எல்லாரும் ஓடிவந்து மறுப்பார்கள். மறுக்கிறவர்களிடம் பதினான்காம் பிரிவை நீட்டி, அப்படியென்றால் இதில் கையெழுத்து வையுங்கள் என்பேன்."

"கதிரையில் இருந்தது யார் என்று கேட்பார்களே?"

"கேட்பார்கள். அதையும் படத்தோடு காட்டத்தான் வேண்டும்."

அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு நாலடி பின்னால் போனாள். நீக்கிலாஸ் டோகோவின் கதிரையை இழுத்து இருந்தார். பெயர்ப்பலகையைக் கமராவுக்குத் தெரியும்படி திருப்பினார். மகளின் கலியாணத்தன்று படம் எடுத்தவன் சொல்லிக்கொடுத்தபடி நாடியைச் சற்றே உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சம்பளமில்லாத நேரத்தில் டோகோவாக இருந்தார்.