வலது கைக்குக் கொடுத்த தாமதம்

1

இந்தக் கதை சுவர் வழியாக வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெண், "சரி பண்ணிட்டேன், வாசிங்க" என்றாள். சரி செய்தவள் குரல் அப்படியா இருக்கும்? எதையோ உடைத்தவள் குரல் அது. என் காதில் விழுந்தது அவ்வளவுதான், மீதியெல்லாம் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை ஓய்ந்த அந்த மாலையில், ஆர்கனிலிருந்து எழுந்த நாதம்...

வேண்டாம். எனக்கு இந்த வயதில் வர்ணனை வருவதில்லை. ஆட்கள் பேசினால் எழுதிக்கொள்வேன்.

2

அவள் கணவர் பெரிய மண்டபமொன்றில், காற்றுக் குழாய்கள் வழியே ஒலிக்கும் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர். அவள் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு பார்த்தவள். இப்போது சாப்பாட்டு மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் ஒரு ஆர்கன். வாசிக்க இரண்டு அடுக்குக் கட்டைகள்: மேலடுக்கு வலது கைக்கு, கீழடுக்கு இடது கைக்கு.

"லேட்டா கேக்குது."

"வயரில்லாத ஹெட்போனை மாட்டிக்கிட்டா லேட்டாத்தான் கேக்கும். இந்தாங்க, வயர் வெச்சது."

"இப்பவும் லேட்டு."

"கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொஞ்சம் சேத்து வெச்சுத்தான் அனுப்பும். சேக்குற அளவைக் குறைக்கிறேன். ம், வாசிங்க."

"தொண்டை கட்டின மாதிரி கரகரங்குது."

"ரொம்பக் குறைச்சுட்டேன். இப்போ?"

"கரகரப்பு போயிடுச்சு. லேட்டு போகல."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்!"

"போடி இவளே. இடது கைப் பக்கம் மட்டுந்தான் லேட்டு. வலது சரியாத்தான் வருது."

(இங்கே அவள் சிரிப்பு நின்றது. இரண்டு அடுக்கும் ஒரே வயரில்தான் போகின்றன. கம்ப்யூட்டர் தாமதித்தால் இரண்டு கைக்கும் சேர்த்துத்தான் தாமதிக்கும்.)

3

இந்த மனிதரை நான் நம்பவில்லை. மண்டபத்தில் குழாய்கள் எங்கோ உயரத்தில். அழுத்தினால் சற்றுப் பொறுத்துத்தான் கேட்கும். காதை விட்டு விரலை நம்பியே ஆயுசைக் கழித்தவர், இதற்கா அலுத்துக்கொள்வார்? அந்த வரிகளை அடித்துவிடப் பார்த்தேன். பிறகு புரிந்தது. இப்போதும் விரலைத்தான் நம்புகிறார். அழுத்திவிட்டேன் என்று அவர் நினைக்கும் நேரத்தில், இடது விரல் இன்னும் இறங்கியிருப்பதில்லை.

வழக்கமான பரிசோதனை என்று சொல்லி அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் அவளைத் தனியாக அழைத்தார்.

"நரம்புக் கோளாறும்மா. மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும். கை பழையபடி ஆகாது."

"வாசிக்கலாமா?"

"முடியுற வரைக்கும் வாசிக்கட்டும். அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

4

சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மேலடுக்கின் ஒலியை வேண்டுமென்றே கொஞ்சம் பிந்த வைத்தாள்.* இடது கை வந்து சேரும்வரை வலது கையின் சத்தம் வாசலில் நின்றது.

"அட, ஒண்ணா வருது! மெஷின்லதானே கோளாறு? என்னமோ மேடை கோணல்னியே!"

"மேடைதாங்க கோணல்."

"எப்படிப் பண்ணினே?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது."

* தாமதத்தைக் குறைக்கும் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இவள் கூட்டுகிறாள். தடுக்க எனக்கு வகை தெரியவில்லை.

5

சில வாரங்களுக்கு ஒருமுறை அவர் "மறுபடி லேட்டு" என்பார். அவள் இன்னும் கொஞ்சம் கூட்டுவாள். எத்தனை நாள் இப்படியே

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே சொல்லிவிடுகிறாள். அவர் அவள் தலையைத் தடவி, "எனக்கு அப்பவே தெரியும்டி" என்கிறார். பொய். உங்களைத் தேற்ற நான் போட்ட வரி அது. அவருக்கு ஒன்றும் தெரியாது.

தெரியாததால்தான் ஒரு காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, இடது கை தடுமாறத் தடுமாற, இப்படிச் சொல்கிறார்:

"மண்டபத்துக்கு ஃபோன் பண்ணிட்டேன். ஒரு நாள் வந்து வாசிக்கச் சொல்லிட்டாங்க. கூட்டத்தோட!"

மண்டபத்து ஆர்கனில் குழாய்கள்தான், கம்ப்யூட்டர் கிடையாது. அங்கே வலது கையை நிறுத்திவைக்க அவளால் ஆகாது.

"இவ்வளவு நாளா நீதானே கேட்டுக்கிட்டிருக்கே. என் கை நல்லாத்தானே இருக்கு?"

அவள் பதிலுக்கு மேற்கோள் குறிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்கு நாலு தடவை நிரப்பி, நாலு தடவையும் அழித்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உங்களால் முடிந்தால் எழுதுங்கள்.

"                    "