காத்து மெஷினின் பேட்டரி

ஆம்பூர் ஷூ கம்பெனியின் தோட்ட மேஸ்திரி அமிர்தவள்ளிக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. இருக்காதா பின்னே? வாசலில் தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கும். கீழே ஒரு சருகைப் பார்க்க முடியாது. ஷூ வாங்க வரும் ஜெர்மன் பையர் ஒருமுறை அவளுக்கென்று ஒரு காத்து மெஷினைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒயர் கிடையாது, பேட்டரியில் ஓடும். சருகை ஊதியும் தள்ளும், உறிஞ்சிப் பையிலும் அடைக்கும்.

அதை அவள் பார்த்துக்கொண்ட அழகே தனி. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, விசிறியில் சிக்கிய நாரைப் பழைய டூத் பிரஷால் எடுப்பாள். பையை உதறிக் காயவைப்பாள். மழையில் நனைய விடமாட்டாள்; சார்ஜில் போட்டுவிட்டு மறந்துபோக எவனையும் விடமாட்டாள். ஒருதடவை தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் செக்ஷன் ஆட்கள் அவளுக்குத் தெரியாமல் எடுத்துப்போய்த் தோல் தூளை உறிஞ்ச வைத்துவிட்டார்கள். மாவு போன்ற தூள் மோட்டாருக்குள் புகுந்து கருகல் வாடை கிளம்பியது. அன்றைக்கு அவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத முடியாது. அமிர்தவள்ளி மெஷினைப் பிரித்துத் துடைத்து, மறுநாளே ஓட்டிக் காட்டினாள்.

ஐந்து வருஷம் ஓடியது. 2007-இல் பேட்டரி படுத்துவிட்டது. எவ்வளவு நேரம் போட்டாலும் சார்ஜ் ஏறவில்லை. அதே மாதிரி பேட்டரி சென்னையிலும் கிடைக்கவில்லை.

"தூக்கிக் குப்பையில போடும்மா" என்றார் மேனேஜர் சுந்தர்ராஜ்.

கம்பெனிக் குப்பை போய்ச் சேரும் பள்ளம் அமிர்தவள்ளியின் தெருவுக்குப் பின்னால்தான் இருந்தது. பள்ளத்தை ஒட்டி ஒரு கிணறு. சுற்றுவட்டாரக் கிணறுகள் எல்லாம் தோல் கழிவில் கெட்டுப்போன பிறகு, வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் மிச்சமிருந்தது அந்த ஒன்றில்தான். அதனால் அவள் லேபில் வேலை செய்யும் ஜெனிஃபாவிடம் போய்க் கேட்டாள்.

"உள்ள காட்மியம்னு விஷம் இருக்குக்கா. ஒடைஞ்சு மண்ணுல எறங்குனா தண்ணிக்குப் போய்டும். எரிக்கவும் கூடாது" என்றாள் ஜெனிஃபா.

அவ்வளவுதான். பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, ஒரு டப்பாவில் போட்டு, கையோடு வைத்துக்கொண்டாள். பழைய இரும்பு எடுக்கும் சர்தார் பாஷா வந்து கேட்டபோதும் கொடுக்கவில்லை.

"இதை இன்னா பண்ணுவ பாய்?"

"ஒடைச்சுத் தகடை எடுத்துட்டு மிச்சத்தக் கொட்டிடுவேன். தோல் கழிவுல பாலாறே போய்ட்டுது. இத்தினூண்டு சாமானுக்கு எதுக்கும்மா பேஜார்?"

"போனது போகட்டும் பாய். இது என் கையால போவாது."

சுந்தர்ராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்த வாரம் பையர் வர்றாரு. அதுக்குள்ள அந்த டப்பா வெளிய போயிருக்கணும்" என்றார். பிடிவாதம் பிடித்தால் வேலை போகும் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

பையர் கிளம்பும்போது தொழிலாளி ஒருத்தர் கையால் சந்தன மாலையும் சால்வையும் கொடுத்து அனுப்புவது அங்கே வழக்கம். அந்த வருஷம் அமிர்தவள்ளியின் முறை. தட்டோடு வந்தாள். சால்வைமேல் அந்த டப்பா இருந்தது.

"இன்னாம்மா இது?" என்று சுந்தர்ராஜ் பல்லைக் கடித்தார்.

அமிர்தவள்ளி கிணற்றை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"ஜெனிஃபா, இவருக்குச் சொல்லு. இவர் குடுத்த மெஷினை நான் கண்ணு மாதிரி பாத்துக்கினேன். இது அதோட பேட்டரி. செத்துப்போச்சு. உள்ள விஷம் இருக்கு, இதைப் போட எங்க ஊர்ல எடம் இல்ல. போன வருஷம் சாயத்துல விஷம்னு இவங்க ஒரு கண்டெய்னர் ஷூவத் திருப்பி அனுப்புனாங்க. நாங்க வாங்கிக்கினோம். இது எங்க ரிட்டர்ன். இவர் வாங்கிக்கட்டும்."

ஜெனிஃபா ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். பையர் டப்பாவைத் திறந்து, ஒட்டியிருந்த டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். தங்கள் ஊரில் பேட்டரி விற்ற கடைக்காரனே பழசைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும், சாம்பிள் பெட்டிகளோடு எடுத்துப்போய்த் தானே அங்கே சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். பிறகு டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மாலைக்குத் தலையைக் குனிந்தார்.

அமிர்தவள்ளிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஊரிலிருந்து விஷம் வெளியே போவதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். அதுவும் அவள் கையால்.

வேறு ஏதாவது வேண்டுமா என்று பையர் கேட்டார்.

"மோட்டார், பை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. திரும்பி வந்த ஷூவுக்குப் பதிலா நாங்க நல்ல ஷூ அனுப்புனோம். அதே மாதிரி இவரும் ஒரு நல்ல பேட்டரி அனுப்பணும்."

ஜெனிஃபா தயங்கி மேனேஜரைப் பார்த்தாள்.

"அதையும் சொல்லும்மா" என்றார் சுந்தர்ராஜ்.