மாப்பிள்ளை கொடுத்த என் வாக்குமூலம்

மாப்பிள்ளையை நம்பக்கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரையும் முழுசாக நம்பக்கூடாது என்பது என் கட்சி. அதில் மாப்பிள்ளையும் அடக்கம்.

நான் வேலை செய்வது ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடத்தில். அங்கே எந்திரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அழுக்குத் துணி இந்தப் பக்கம் உள்ளே போகும், வெளுத்த துணி அந்தப் பக்கம் வெளியே வரும். நடுவில் சுவர். அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கம் போகக்கூடாது, நோய் ஒட்டிக்கொண்டு போகும் என்று சட்டம். அதனால் என் எந்திரத்துக்கு மறுபக்கம் நிற்பவனை நான் வேலை நேரத்தில் பார்த்ததே கிடையாது. சாப்பாட்டு நேரத்தில்தான் பார்ப்பேன். நெட்டையன். எந்த ஊரோ. இந்த ஊர்ப் பேச்சு எனக்கு அரைகுறை, அவனுக்கு அதிலும் குறை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது.

எந்திரத்திலிருந்து தண்ணீர் முழுசும் இறங்கிவிட்டதா என்று தெரிவது என் பக்கம்தான். இறங்கிவிட்டால் அவன் பக்கத்தில் பச்சை விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்கு செத்துப் பல மாதம் ஆகிறது. கதவுப் பூட்டும் கிழடு, இழுத்தால் வந்துவிடும். மேஸ்திரியைக் கூட்டிவந்து விளக்கைக் காட்டினேன். நாளைக்கு என்றான். அவன் நாளை இன்னும் வரவில்லை. ஆகவே நானும் நெட்டையனும் ஒரு வழி கண்டுபிடித்தோம். தண்ணீர் இறங்கியதும் நான் ஸ்பேனரால் சுவர்க் குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவேன். தட்டினால்தான் அவன் திறக்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நன்றாகவே நடந்தது.

போன வாரம் ஒரு காலை, நான் தட்டவே இல்லை. எந்திரத்தில் பாதித் தண்ணீர் இருந்தது, கொதி தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டது. நெட்டையன் கதவைத் திறந்துவிட்டான். இடது கை முழங்கை வரை வெந்துவிட்டது. ஏன் திறந்தான்? மேஸ்திரி விரட்டினானா, குழாய் வேறு எதற்காவது சத்தம் போட்டதா, எனக்குத் தெரியாது. சுவர் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், நான் தட்டவில்லை.

விசாரணை என்று ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். "அவரைக் கூட்டிட்டுப் போங்கப்பா," என்றாள் மகள். "உங்களுக்குப் பேசத் தெரியாது. சத்தம் போடுவீங்க, காரியம் கெட்டுடும்." அவள் புருஷன் போன் விற்கும் கடையில் இருக்கிறார். இந்த ஊர்ப் பேச்சைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளைக்கு ஒரு படி கீழே என்று வளர்ந்தவன் நான். அவர் உட்கார்ந்த பிறகுதான் நான் உட்காருவேன். அவர் பேசும்போது குறுக்கே விழுந்தது கிடையாது. கூட்டிக்கொண்டு போனேன்.

ஆபீஸ் வாசலில் பெஞ்சில் நெட்டையன் இருந்தான், கையில் பெரிய கட்டு. எனக்கு அடுத்து அவன் முறை. என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். என்ன சொல்வது, எதில் சொல்வது? உள்ளே போய்விட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர் அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்தில் கணினியில் தட்டிக்கொண்டு ஒரு பையன் மாதிரி ஆள். என்ன நடந்தது என்று கேட்டாள். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"நான் தட்டலைன்னு சொல்லுங்க மாப்பிள்ளை. விளக்கு எரியலை. மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு. அவ்வளவுதான்."

நான் சொன்னது ஒரு கைப்பிடி. அவர் சொன்னது ஒரு வண்டி. பேசிக்கொண்டே போனார். நடுவில் என் காதைக் காட்டினார், தலையைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்தார். அந்த அம்மாவின் முகம் இளகிவிட்டது. என் பக்கம் ஒரு தண்ணீர்க் கோப்பையைத் தள்ளினாள். ஆபீசில் ஒருத்தர் அன்பாகப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அந்தப் பேச்சில் மூன்று சொல் எனக்குப் புரிந்தது. ஒன்று காது, டாக்டரிடம் போய்க் கற்றது. ஒன்று கிழவன், பஸ்காரன் கற்றுக்கொடுத்தது. ஒன்று மன்னிப்பு. அது இந்த ஊரில் எல்லாரும் சொல்வது, சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாதது.

"என்ன மாப்பிள்ளை, காதுன்னு கேட்டுச்சே?" என்றேன் மெல்ல.

"முடிஞ்சுது மாமா. சும்மா இருங்க."

"என்ன முடிஞ்சுது?"

"வேலை தப்பிச்சுது. வயசாயிடுச்சு, காது மந்தம், கொஞ்சம் மறதி, தண்ணி இறங்கிடுச்சுன்னு நெனச்சுத் தட்டிட்டாரு, மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். துண்டு மடிக்கிற இடத்துல போடுறாங்களாம். உக்காந்த வேலை."

"நான் தட்டலையே."

"தெரியும் மாமா. தட்டலைன்னு சொன்னா இழுத்துக்கிட்டே போகும். மேஸ்திரி உங்களுக்கு எதிரா நிப்பான். இவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மாப்பிள்ளை வாயால் கெட்டேன். கெட்டேனா, பிழைத்தேனா, அதுவும் விளங்கவில்லை. வேலை தப்பிவிட்டது. முழங்கால் இருக்கும் நிலைக்கு உட்கார்ந்த வேலை கும்பிடத் தக்கது. மாப்பிள்ளை எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் அடுத்து நெட்டையன் உள்ளே வருவான். கிழவன் ஒப்புக்கொண்டான், அவன் தட்டியதால்தான் உன் கை வெந்தது என்று சொல்வார்கள். இல்லையடா என்று அவனிடம் சொல்ல என்னிடம் ஒரு பாஷையும் இல்லை. சாகிற வரை அவன் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பான்.

எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த அவர்கள் பேச்சில் சொன்னேன். தமிழில் போட்டால் இப்படி வரும்: "நான் தட்டு இல்லை. விளக்கு செத்தது. பல மாதம். இவர் பேச்சு, என் பேச்சு இல்லை."

பேசியது நான். அந்த அம்மா பார்த்தது மாப்பிள்ளையை. அவரிடம் ஏதோ கேட்டாள். அவரும் ஏதோ சொன்னார்.

"என்ன கேக்குறா?"

"பதட்டமா இருக்கீங்களான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

சரி, நான் பதட்டக்காரனும் ஆகிவிட்டேன். அந்த அறையில் நான் எதைச் சொன்னாலும் அது மாப்பிள்ளை வழியாகப் போய் வேறு ஆளாகத் திரும்பி வந்தது.

"மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்றேன்.

இப்படி ஒரு வார்த்தையை என் அப்பா எந்த மாப்பிள்ளையிடமும் சொன்னதில்லை. அவர் முகம் சுண்டிவிட்டது.

"நான் என்ன அன்னியனா மாமா?"

"அன்னியனா இருந்தா பரவாயில்லை மாப்பிள்ளை. இல்லைங்கிறதுதான் கஷ்டம்."

போய்விட்டார். கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினார். நான் அந்த அம்மாவிடம் கதவைக் காட்டி, "அவர் வேண்டாம். வேற ஆள். தமிழ்," என்றேன். புரிந்தது போல. போனை எடுத்து எண்ணை அழுத்தி மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. அப்புறம் ஒரு பெண் குரல்.

"வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்க்கிறவ. நீங்க பேசுறதை அப்படியே சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

எல்லாக் கடைக்காரனும் இதைத்தான் சொல்கிறான். "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்றேன்.

அவள் உடனே அவர்கள் பேச்சில் ஏதோ சொன்னாள். மேனேஜர் அம்மா புருவத்தைத் தூக்கிப் பதில் சொன்னாள்.

"அது விசாரணைக்குத் தேவையில்லைன்னு சொல்றாங்க ஐயா."

"அடப்பாவி, இதையும் சொல்லிட்டியா?"

அதையும் சொன்னாள்.

"விவஸ்தை வேணாமா? வாய்க்கு வந்ததை எல்லாமா சொல்லுவாங்க?"

அதையும். கணினி ஆள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொண்டான். நான் வாயை இறுக்கி மூடினேன். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் என் வாயிலிருந்து விழுந்தது எதுவும் யார் காதிலும் ஏறியதில்லை. இப்போது தும்மினாலும் ஏறும் போலிருக்கிறது. பயமாகத்தான் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். விளக்கு, பூட்டு, மேஸ்திரி, குழாய்த் தட்டு, அன்று தட்டாதது. நான் நாலு சொல் சொன்னால் அவளும் ஏறக்குறைய நாலு சொல். அவள் சரியாகச் சொன்னாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? பொய் சொல்லியிருந்தாலும் என் அளவுக்குத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். பழைய இளக்கம் முகத்தில் இல்லை. அவள் பேசப் பேச, போன் பெண் சொன்னாள்: "உங்க மாப்பிள்ளை சொன்னது தெளிவா இருந்துச்சாம். நீங்க சொல்றதுல யார் தப்புன்னே தெரியலையாம்."

"எனக்கும்தான் தெரியலை. நடுவுல சுவர் இருக்கு."

"அப்ப அவர் ஏன் திறந்தார்?"

"அவனைக் கேளுங்க."

"நீங்க பேச்சை மாத்தினா துண்டு மடிக்கிற வேலை கிடையாதாம். விசாரணை முடியிற வரைக்கும் வேலைக்கு வரக்கூடாதாம். புரியுதான்னு கேக்குறாங்க."

"புரியுது."

"இப்ப ரெண்டு பேச்சு இருக்கு. எதை உங்க பேச்சுன்னு எழுதட்டும்?"

உடனே பதில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. மகள் முகம் வந்தது. முழங்கால் வந்தது. மாப்பிள்ளையின் பேச்சில் மானம் போகும், சோறு நிற்கும். என் பேச்சில் சோறு போகும், மானம் நிற்குமா என்றால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. போனில் அந்தப் பெண் மூச்சு விடுவது கேட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"தட்டலைன்னு எழுதச் சொல்லும்மா," என்றேன்.

வெளியே வந்தேன். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்து நின்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டே மேனேஜர் அம்மாவும் பின்னால் வந்து நெட்டையனிடம் ஏதோ கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. என்னிடம் கேட்டாள். நான் விழித்தேன்.

"அவருக்கு என்ன பாஷைன்னு கேக்குறாங்க," என்றார் மாப்பிள்ளை, என் முகத்தைப் பார்க்காமல். "கூட வேலை பாக்குறவர்தானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமாம்."

தெரியாது. ஒரே மேசையில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்போம். அவனுக்குப் பேச்சே கம்மி என்று நினைத்திருந்தேன். வேறு ஒரு பாஷையில் அவன் பெரிய வாயாடியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"இந்த ஊர்ப் பேச்சுல அவர் அரைகுறையா சொன்னாலும் எனக்குப் புரியும்," என்றார் மாப்பிள்ளை. "நான் வேணா சமாளிக்கிறேன்."

"வேண்டாம் மாப்பிள்ளை."

"நீங்க கெட்டது பத்தாதா மாமா?"

நான் என் வாயைத் தொட்டுக் காட்டி, பிறகு நெட்டையன் நெஞ்சைக் காட்டினேன். அவன் ஒரு சொல் சொன்னான். மேனேஜர் அம்மா திருப்பிச் சொன்னாள், தப்பாக. அவன் மறுபடி சொன்னான். எங்கள் யாருக்கும் அந்தப் பாஷைப் பெயர் தெரியவில்லை. போனில் கேட்டாள்.

போன் பெண் என்னிடமும் சொன்னாள்: "அந்த மொழிக்கு ஆள் கிடைக்குமான்னு தேடணுமாம் ஐயா. நேரம் ஆகுமாம்."

"கிடைக்கலைன்னா?"

அதையும் மேனேஜர் அம்மாவிடம் சொன்னாள். அவள் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"வாங்க மாமா, போகலாம். கடைக்கு நேரமாச்சு," என்றார் மாப்பிள்ளை.

"நீங்க போங்க மாப்பிள்ளை. நான் பஸ்ல வர்றேன்."

அவர் போனார். வீட்டில் மகளிடம் அவர் என்ன சொல்வார் என்பது வேறு ஒரு விசாரணை. நெட்டையன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். உட்கார்ந்தேன். அவன் தன் கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோபமா வலியா, தெரியவில்லை. "இரு, ஆள் தேடுறாங்க," என்றேன் தமிழில். அவன் தன் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னான். இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு சொல்லும் புரியாமல், முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.